மூணாவது மானிட்டருக்கு மஞ்சக்காமாலை

— இப்பவும் பாருங்க மச்சான், மவுஸைத் தள்ளினா நடு மானிட்டரைத் தாண்டிக்கிட்டு மூணாவதுல போயி நிக்குது.

— ஃபஹ்மிதா, நேத்து இதைத்தானே புள்ள சரி பண்ணினோம்?

— பண்ணினோம். அப்புறம் கரண்டு போயி வந்துச்சு. வந்தா மறுபடியும் இப்புடி.

— கரண்டு போனா மானிட்டர் இடம் மாறுமா? குடவாசல் கரண்டு ரொம்பத்தான் விசேஷமா இருக்கு.

— சார்ஜாவுல உக்காந்துக்கிட்டு நக்கல் வேற! நீங்க அனுப்புன கம்ப்யூட்டர் பொட்டி டிபன் பாக்ஸ் அளவுகூட இல்ல. அதுல மூணு மானிட்டர மாட்டுனா அது என்னதான் பண்ணும்?

— அதெல்லாம் தாங்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போ. மூணு கட்டம் வருதா?

— வருது. ஒண்ணு, மூணு, ரெண்டுன்னு நிக்குது.

— மூணைப் பிடிச்சு இழுத்து ரெண்டுக்கு அந்தாண்ட விடு.

— விட்டாச்சு. அங்க என்ன சத்தம்? சாப்பிடுறீங்களா?

— சோத்து நேரம்தானே. ஒரு கையில ஃபோனு, ஒரு கையில குப்பூஸ் ரொட்டி.

— தொட்டுக்க என்ன ஆணம்?

— பருப்பு.

— நேத்தும் பருப்புதானே?

— முந்தாநாளும் பருப்புதான். அத விடு, கலரைப் பாரு. ஆல்பத்துல அந்த ஒரத்தநாட்டுக் கல்யாணப் பொண்ணோட சேலை மூணுலயும் ஒண்ணுபோல இருக்கா?

— எங்க! முதல்ல மாம்பழ மஞ்சள், நடுவுல காவி. மூணாவதுல மாப்பிள்ளைக்கே மஞ்சக்காமாலை.

— மானிட்டர் பட்டனை அமுக்கி நீலத்தைக் கொஞ்சம் ஏத்து.

— ஏத்துனேன். இப்ப மாப்பிள்ளை குளிர்ல வெறைச்சுப் போயிட்டாரு.

— அடியே, விளையாடாத! நல்லக்கண்ணு அண்ணன் ஸ்டுடியோவுக்கு நீ பண்ணிக் குடுக்குற ஆல்பம் அது. கலர் தப்புனா அடுத்த கல்யாணத்தை வேற ஆளுகிட்ட குடுத்துடுவாரு.

— தெரியும் மச்சான். அதான உங்களக் கேக்குறேன்.

— நான் ஒண்ணு சொல்லவா? என் கூட்டாளி லியாகத் அலி லீவுல ஊருக்கு வந்திருக்கான். கம்ப்யூட்டர்லயே ஊறுனவன். சாயங்காலம் வரச் சொல்றேன், வந்த வேகத்துல முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுவான்.

— வேணாம்!

— ஏன் புள்ள இந்தக் கத்து கத்துற?

— அவங்க எதுக்கு? நீங்க சொல்லச் சொல்ல நானே பண்ணிக்கிறேன். ஏன், எங்கிட்ட பேச அலுப்பா இருக்கா?

— அலுப்பெல்லாம் இல்ல. நாம இவ்ளோ நேரம் பேசுனதே இல்லையே, அதான் சொன்னேன்.

— எப்புடிப் பேசுவீங்க? "சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டாங்களா, வச்சுடவா?" இதான் உங்க பேச்சு. நமக்குக் கல்யாணம் ஆன ரெண்டாம் மாசமே பிளைட் ஏறிட்டீங்க. உங்களுக்குக் கத்திரிக்கா புடிக்காதுங்கிறதையே இந்தப் பொட்டி வந்தப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

— ம்... சரி, அந்தப் பச்சையைக் கொஞ்சம் குறை.

— இருங்க, மாமி வர்றாங்க. ஃபோனு ஸ்பீக்கர்லதான் கிடக்கு.

— யாரு, சைபுல்லாவா? ஏன்டா, புள்ளைய இந்தப் பாடு படுத்துற?

— நான் எங்க படுத்துறேம்மா? அந்த மானிட்டர்தான் படுத்துது.

— மானிட்டருக்கு என்ன கேடு? காலையிலகூட மூணுலயும் பொண்ணு ஒரே மாதிரி அம்சமா இருந்தாளே. நல்லக்கண்ணு வந்து பாத்துட்டு, அடுத்த கல்யாணத்தையும் உங்களுக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு. நீ ஃபோன் பண்ற நேரமாச்சுன்னா போதும், இவ மேசைக்கடியில பூந்து ஒயரை மாத்திக் குத்துறா, பட்டனைத் திருகுறா. என்னடா இது கூத்துன்னு கேக்கத்தான் வந்தேன்.

— அய்யோ மாமி!

— என்ன அய்யோ மாமி? அடுப்புல பால் கிடக்கு, நான் போறேன்.

— ஃபஹ்மிதா.

— ம்.

— எப்ப சரியாச்சு?

— ஞாயித்துக்கிழமையே. நீங்க மொதத் தடவ சொன்னப்பவே.

— அப்ப இத்தன நாளா?

— சரியாயிடுச்சுன்னா ஃபோனை வச்சுடுவீங்களே மச்சான். எனக்கு உங்ககூடப் பேசிக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. கோவமா?

— கோவம் என்ன கோவம். அடுத்த வாரம் இங்கேருந்து பக்கீர் முகம்மது ஊருக்கு வர்றாரு. அவருகிட்ட இன்னொரு மானிட்டர் குடுத்து விடுறேன்.

— நாலாவதா? இந்தப் பொட்டியில மூணு ஒயர் சொருகத்தான் இடமே இருக்கு. அது ஓடாதே!

— ஓடவே ஓடாது புள்ள. அதுக்குத்தான் அனுப்புறேன்.