டினேஷின் படகு நின்ற இடம்

தேத்தண்ணிக்கு எனக்குச் சீனி போடுவதில்லை, தம்பி. சலரோகம். மருமகன் கடலோடு போன அன்றுகூட மருந்தைத் தவறவிடவில்லை. நீங்கள் பதிவுக் கந்தோரிலிருந்து வெயிலில் வந்தவர், சீனி போட்டுக் குடியுங்கோ.

ஊரில் என்னைப் புளுகர் யோசேப் என்பார்கள். ஒருமுறை திருக்கை மீன் ஒன்றின் முதுகில் ஏறித் தலைமன்னாருக்குப் போய்ப் பேக்கரியில் பாண் வாங்கி, அதன் சூடு ஆறமுதல் எங்கள் தாழ்வுபாட்டுக்குத் திரும்பினேன் என்றேன். பாண் என்ன விலை என்று மட்டும் கேட்டார்கள். வயதுபோன காலத்தில் கம்ப்யூட்டருக்குப் பைதன் மொழி படித்தேன் என்றபோதுதான் ஒருவரும் நம்பவில்லை.

படித்து, மீனவர் சங்கத்துக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி. அது படகு நிற்கும் இடத்தை என் லாப்டொப்புக்கு அனுப்பும். புரோகிராம் ஓடும்வரை ஒவ்வொரு படகும் அதற்குள் ஒரு பொருளாக உயிரோடு இருக்கும். அதைச் சங்கத்துக்கு அனுப்பவோ சேமித்து வைக்கவோ வேண்டுமென்றால் நகலெடுத்து எழுத்தாக்க வேண்டும். அப்போது எது போகட்டும், எது நிற்கட்டும், எது மாறிப் போகட்டும் என்று எழுதுகிறவனே தீர்மானிக்கலாம். பைதன் அந்த உரிமையைத் தருகிறது. ஏன் என்று கேட்பதில்லை.

என் மகள் கிருஷிகாவின் புருசன் டினேஷ் கடலடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். அனுமதித்த எல்லைக்குள் அட்டை குறைந்துபோக, தெற்கே மறிச்சுக்கட்டிப் பக்கம் இறங்கத் தொடங்கினான். சங்கம் கண்டால் பெர்மிட் போய்விடும்.

"மாமா, நீங்கள் பொய் சொன்னால் ஊரே வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. உங்கட கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் பழக்குங்கோவன்."

"அது உன்னைப் போல இல்லையடா. சொன்னால் கேக்கும்."

அன்றைக்கே சில வரிகள் எழுதினேன். அவன் படகு எல்லை தாண்டினால், நகலில் மட்டும் அது தாழ்வுபாட்டுக்கு நேரே, எல்லைக்குள் நிற்கும். உண்மையான இடம் ஓடும் புரோகிராமுக்குள் மட்டும் இருக்கும். வேறெங்கும் சேமிக்கப்படாது. அழகான வேலை.

சோளகக் காற்று திடீரென்று எழும்பிய ஒரு காலை மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்தன. டினேஷ் வரவில்லை. சங்கச் செயலாளர் பெற்றிசியா தன்னிடமிருந்த நகலைப் பார்த்து, தேடப் போனவர்களை அந்த இடத்துக்கே அனுப்பிவிட்டு என் வாசலுக்கு ஓடி வந்தாள். "யோசேப்பண்ணை, அதிகாரிமார் உங்கட மெசினைப் பாக்க வருகினம்."

லாப்டொப் மேசையில் திறந்தபடி இருந்தது. உண்மையான இடம் அதில் இருந்தது. டினேஷ் நல்ல நீச்சல்காரன், பின்னேரம் வந்துவிடுவான், வந்து பார்க்கும்போது பெர்மிட் இல்லையென்றால் என்னைத்தான் ஏசுவான் என்று யோசித்தேன். நியாயமான யோசனை. திரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டி வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு புரோகிராமை நிறுத்தினேன். எந்த விசை என்பது கைக்குத் தெரியும்.

பின்னேரம் கிருஷிகா வந்து என் காலடியில் இருந்தாள். "அப்பா, அவர் எங்க நிக்கிறார் எண்டு காட்டுங்கோ. உங்களுக்குத் தெரியும்."

சின்ன வயதிலிருந்தே என் கதைகளுக்கு, "சும்மா விடுங்கோ அப்பா" என்று சிரிக்கிறவள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

புரோகிராமைத் திரும்ப ஓட்டினேன். சேமித்த நகல்களிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாக எழும்பின. டினேஷின் படகும் எழும்பியது, தாழ்வுபாட்டுக்கு நேரே, எல்லைக்குள், மிகவும் ஒழுக்கமாக. அவன் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றும் வரவில்லை.

மறிச்சுக்கட்டி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாள். திரையில் விரலை வைத்து, "இதுதான், பிள்ளை" என்றேன்.

நாட்கணக்காக அங்கேயே தேடினார்கள். தெளிந்த தண்ணீர். ஒன்றும் இல்லை.

இப்போது மாதத்துக்கொருமுறை கிருஷிகா அந்த இடத்துக்குப் போய்ப் பூப் போட்டுச் செபிக்கிறாள். படகை நான்தான் ஓட்டுகிறேன். "அப்பா, இடம் சரியோ? கொஞ்சம் தள்ளி நிக்கிறமோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். சரிபார்த்து, கொஞ்சம் நகர்த்தியும் கொடுப்பேன்.

மரணப் பதிவில் கடைசி இடம் என்று என்ன போடுவது என்று கேட்டீர்கள். தாழ்வுபாட்டுக்கு நேரே என்றே போடுங்கோ, தம்பி. உண்மையான இடத்தை அழித்தது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் புருசனைக் கடல் கொண்டுபோன பெண்டுகளில் எத்தனை பேருக்குப் பூப் போட ஓர் இடம் இருக்கிறது? என் மகளுக்கு இருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.