ஒரு மணி நேரம் தாங்குற உள்ளுடுப்பு

இல்ல மேடம், காட்டன் வேணாம். காட்டன்ல பட்டாச்சு. ஏரியில முங்கறதுக்கு மேல போடற டிரைசூட்டு தண்ணிய உள்ள விடாது, சரி. குளிரையும் விடாதுன்னு யாரு சொன்னா? அது வெறும் ரப்பர் பை. உள்ள என்ன போடறோமோ அதுலதான் உசுரே இருக்கு. முதல் நாள் நாலு காட்டன் பனியனப் போட்டுக்கிட்டு கரையிலயே வேர்த்து ஊத்திருச்சு. கீழ போனா அந்த வேர்வையே ஐஸாட்டம் ஒட்டிக்கிச்சு. ஏரித் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரல, நான் மட்டும் தொப்பலா நனைஞ்சிட்டேன். இது எந்த ஊரு நியாயம்?

கொஞ்சம் மெதுவா பேசுங்களேன். உள்ளுடுப்பு உள்ளுடுப்புன்னு நீங்க சொல்றது தெருமுனை வரைக்கும் கேக்குது.

அது கம்பளியா? குடுங்க, தொட்டுப் பாக்கறேன். குத்தாதே? எங்க மாமனாரோட முழுக்கால் கம்பளி ஜட்டி ஒண்ணு போட்டுப் பாத்தேன். தண்ணிக்கடியில அரிப்பெடுத்தா சொறியவா முடியும்? அது மேலயே பொண்டாட்டி ஸ்வெட்டர் ரெண்டு, போர்வையக் கிழிச்சு வயித்துல ஒரு சுத்து. ரெண்டாவது நாள் இந்தக் கோலத்துல குதிச்சேன். முங்கவே மாட்டேங்குது! தக்கை மாதிரி மெதக்கறேன். பதினாறு கிலோ ஈயம் கட்டியும் பின்பக்கம் மட்டும் மேலயே நிக்குது. கரையில நின்னவன் எல்லாம் கைதட்டறான். சிரிங்க சிரிங்க, பரவால்ல.

தொழிலா? நீச்சல் குளத்துல பேந்துபோன டைல்ஸ முங்கி ஒட்டறவன் மேடம். அங்க ஒரு ட்ரவுசர் போதும். இது குடும்ப விஷயம். போன மாசம் எல்லாரும் ஏரியில படகுல போனோம். நான் ஒரு ஜோக் சொன்னேன். பதினாலு வருஷமா என் பேச்சுக்கு உதட்டக்கூட அசைக்காத மாமியார், அன்னிக்குன்னு பாத்து வாய்விட்டுச் சிரிச்சாங்க. பல்செட்டு டொபுக்குனு ஏரிக்குள்ள போயிருச்சு. மேல்செட்டு, கீழ்செட்டு ரெண்டும். என்ன ஜோக்கா? அத இனிமே சொல்லக்கூடாதுன்னு வீட்டுல தடை.

புதுசு கட்டிக்கலாம்னேன். அது மாதிரி வராதாம். எடுத்துக் குடுக்கற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்கன்னுட்டா பொண்டாட்டி. அதுக்கு முன்னாடி மட்டும் என்னத்தப் பேசிக்கிட்டோம்? கேஸ் தீந்துருச்சு, கதவச் சாத்துங்க, அவ்ளோதான்.

இது எத்தன நேரம் தாங்கும்? நாப்பது நிமிஷமா? பத்தாது மேடம்.

ஏன்னா, கேளுங்க. தனியா எறங்கக் கூடாதுன்னு, சூட்டும் காத்து சிலிண்டரும் இரவல் குடுத்த சிநேகிதன் கண்டிஷனா சொல்லிட்டான். இடுப்புல கயிறு கட்டிக்கணும், மறுமுனைய கரையில ஒருத்தர் புடிச்சிருக்கணும். வேற யாரு வருவா? பொண்டாட்டிதான் வந்தா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா மேலேர்ந்து ஒரு இழுப்பு. நல்லாருக்கீங்களான்னு அர்த்தம். நல்லாருக்கேன்னு நானும் ஒண்ணு இழுக்கணும். கல்யாணமான நாள்லேர்ந்து என்னை இப்படி யாருமே கேட்டதில்ல மேடம். ஒரு நாள் பதில் இழுக்க லேட்டாயிருச்சு. மேல வந்து பாக்கறேன், முழங்கால் தண்ணியில செருப்போட நிக்கறா. திட்டுனா பாருங்க ஒரு திட்டு, எனக்கு அழுகையே வந்துருச்சு. சந்தோஷத்துலதான்.

பல்செட்டா? அது மூணாவது நாளே கெடச்சிருச்சே. அங்கயே ஒரு கல்லுக்கடியில பத்திரமா வச்சிருக்கேன். மாமியார் ரொட்டியப் பால்ல ஊறவச்சு சாப்புடறாங்க, பாவம்தான், எனக்கும் மனசு உறுத்துது. ஆனா ஏரி நாளுக்கு நாள் சில்லுனு ஆகுதா, நேத்து இருபதே நிமிஷத்துல வெறச்சுப்போய் மேல வந்துட்டேன். நாலே இழுப்பு. நாலு எப்படி மேடம் போதும்? மேல்தட்டுல தடிமனா ஒண்ணு இருக்கே, அத எறக்குங்க. ஒரு மணி நேரம் தாங்குமா? அப்ப பன்னெண்டு இழுப்பு.