சாம்பல் குட்டையில் நின்றது

இரவு பதினொன்றரை மணி. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் கடலோரச் சாலை... அன்று கன்டெய்னர் லாரிகள்கூட இல்லை. கருங்கல் தடுப்பில் அலை அறைகிற சத்தம் மட்டும். ஆண்ட்ரூ மொபெட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். காலடியில் சின்ன புரொஜக்டர். பின்னால், படம் காட்டுகிற வெள்ளைத் துணி, சுருட்டிக் கட்டியது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டே வந்தது.

அன்று மழை இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆண்ட்ரூ என்னோடு வேலை செய்யும் ஐரீனின் அண்ணன். ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிறவன். சினிமாப் பைத்தியம். கைப்பேசியிலேயே ஒரு படம் எடுத்துவிட்டான். வேற்றுக் கிரகத்து மிருகம் ஒன்று எண்ணூர்ப் பக்கம், அனல்மின் நிலையம் சாம்பலைக் கரைத்து விடுகிற சாம்பல் குட்டையில் வந்து விழுகிறது... அதுதான் கதை. விண்கலம், சீரியல் பல்பு சுற்றிய இட்லிப் பானை. மிருகம், கிழிந்த வலையும் மிதவைகளும் போர்த்திய அவன் தோஸ்து ஜீஷான். கிட்டே போனால் வலை முடிச்சு தெரிந்துவிடும். அதனால் குட்டையின் அந்தக் கோடியில் நிற்க வைத்து, தூரத்திலிருந்து ஒரே ஷாட்.

மிருகத்துக்குக் குரல் வேண்டுமே? அப்பா அம்புரோஸின் குரல் கைப்பேசியில் இருந்தது. புயலில் கடலுக்குப் போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை. வலை இழுக்கையில் அவர் 'ஏலேலோ' என்று எடுத்துக் கொடுப்பார். கூட்டம் 'ஐலசா' என்று இழுக்கும். ஆண்ட்ரூ கூட்டத்தின் பதிலை வெட்டி எறிந்தான். அப்பாவின் குரலை மட்டும் வைத்து வேகத்தைக் குறைத்தான்.

ஏ... லே... லோ...

தொண்டையில் தண்ணீர் நிறைந்தவன் கூப்பிடுவதைப் போல் இருந்தது.

அம்புரோஸோடு வலை இழுத்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குரல் எடுத்தவருக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள். பதில் வரும்வரை அவரும் கயிற்றை விடமாட்டார். ஆண்ட்ரூவுக்கு அது தெரியும். வெட்டும்போது தோன்றவில்லை.

முதலில் காசிமேட்டில், மாதா கோயில் திருவிழாவில் திரையிட்டார்கள். இட்லிப் பானை வானத்தில் பறந்ததும் ஒரே சிரிப்பு.

"இன்னாடா, இட்லி இன்னும் வேகல போலக்கீது?"

பிறகு மிருகம் வந்தது. தூரத்தில், சாம்பலுக்கு நடுவில், அசையாமல். அந்தக் குரல்... சிரிப்பு நின்றுவிட்டது. வலை இழுத்துப் பழகிய வாய்கள் தாமாகவே திறந்தன.

"ஐலசா."

அப்புறம் கூட்டமே சொன்னது. அதற்காகவே மறுபடி மறுபடி வந்தார்கள். சிலர் அழுதார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ராயபுரத்தில் கூப்பிட்டார்கள். பிறகு திருவொற்றியூரில்.

அங்கேதான் ஜீஷான் ஆண்ட்ரூவின் கையைப் பிடித்தான்.

"மாமு, நான் அவ்ளோ கிட்ட வந்து நிக்கல."

"துணி பெர்சுடா. அதான் அப்டி தெரியுது."

"எல்லா ஊர்லயும் இதே துணிதான். அத்த வுடு... நான் செருப்பு போட்டுனு நின்னேன். காலைப் பாரு."

ஆண்ட்ரூ பார்த்தான். வெறுங்கால். ஒவ்வொரு 'ஐலசா'வுக்கும் அது ஓரடி முன்னால் வந்தது. படம் முடியும்போது பாதித் திரையை அடைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றது. கழற்றிய துணியில் டீசலும் சேறும் கலந்த முகத்துவார வாடை.

வீட்டுக்கு வந்ததும் படத்தை அழித்துவிட நினைத்தான். விரல் வரவில்லை. வெட்டாத பதிவை அவன் வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் குரல் வேறு எங்கேயும் இல்லை.

அம்மா சிலுவையம்மாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் அவளும் படம் பார்த்திருந்தாள்.

"உங்கப்பாதானே அது?"

"எம்மா, அது ஜீஷான். வேஷம்."

"எவ்ளோ மெதுவா ஓட்னாலும் எனக்குத் தெரியாதா நைனா? அவரு கயித்த வுடாம நிக்கறாரு. ஒரே ஒரு தபா போடு. மூஞ்ச மட்டும் பாத்துக்கறேன்."

"வேணாம்மா. போய் படு."

கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தான். தூக்கத்தில் ஒற்றைப் பெண் குரல் 'ஐலசா' என்று சொன்னதாக ஒரு ஞாபகம்... மறுபடியும்... மறுபடியும்.

விடிந்தபோது மீன் குழம்பு வாசனை. தலையணைக்கு அடியில் கைப்பேசி இல்லை. கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி தொங்கியது. புரொஜக்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரையில் சாம்பல் குட்டை. அதில் யாரும் இல்லை.

துணியின் அடியிலிருந்து உள் அறைக் கதவு வரை தரையெல்லாம் சாம்பல் கரைந்த ஈரம்.

அம்மா அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவ்வளவு மலர்ந்த முகத்தை அவன் பார்த்து ரொம்ப நாளாகிறது. இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு அறுத்த தடம். தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"எம்மா..."

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா பேசுடா. இப்பதான் படுத்தாரு."

சாத்திய கதவுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு உள்ளே போக அவ்வளவு நேரம்... வெளியே வர அவ்வளவு நேரம்...

ஆண்ட்ரூ குறைத்து வைத்த அதே வேகத்தில்.