பாஸ்டரை நிறுத்தும் அக்கா

1. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன்.
2. எதிரே தோழிகள் இருவர் உட்கார்ந்தார்கள்.
3. மூத்தவர், "ஞாயித்துக்கிழமையானா பாஸ்டரை நிறுத்துறதுதான் என் வேலை" என்றார்.
4. நான் பாட்டை அணைத்துவிட்டேன். இயர்போன் மட்டும் காதிலேயே இருந்தது.

"என்னக்கா, அவ்வளவு தைரியமா?" என்றார் இளையவர்.

"வீடியோவுல லா. எங்க மேரு ஊரு சபைக்கு பாஸ்டர் இல்ல. கோலாலம்பூர் தலைமைச் சபை பாஸ்டரோட பிரசங்கத்தை நான் லேப்டாப்புல போடுவேன். ஒருநாள் அவரு மேய்ப்பன், காணாமப்போன ஆடுன்னாரு. எங்க ஆளுங்க பாதிப் பேரு கையுறை ஃபேக்டரி. ஆட்டுக்கு எங்க போவாங்க? நிறுத்திட்டு, 'ஒரு ஆள் குறைஞ்சா ஃபேக்டரி கேட்டுக்குத் திரும்பிப் போற நம்ம வேன் டிரைவரை நெனச்சுக்குங்க'ன்னேன்."

"அட!"

"அதுலேருந்து, 'அக்கா, நிறுத்துங்க, நீங்க சொல்லுங்க'ன்னு ஒரே சத்தம். போன வாரம் வீடியோ பத்து நிமிஷம்தான் ஓடுச்சு."

"பாவம் பாஸ்டர்!"

"அவருக்கே யாரோ சொல்லிட்டாங்க. நேத்து போன் பண்ணாரு. லேப்டாப்பைத் திருப்பிக் கேப்பாருன்னு நெனச்சேன்."

"திட்டுனாரா?"

"'இந்த ஞாயிறு வீடியோ அனுப்பல, நீங்களே பேசுங்க'ன்னாரு." இதை மட்டும் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்கு லா. நான் புரியாம பேசுனா என்னை யாரு நிறுத்துவா?"

"நான் வரேன். முதல் வரிசையில உக்காந்து, புரியலன்னா கையத் தூக்குறேன்."

வரும் ஞாயிறு மேருவில் வீடியோ இல்லை. அக்கா பேசுகிறார். நிறுத்துவதற்கும் ஆள் கிடைத்துவிட்டது.