ஹஜ்ஜுப் பாஸ்போட்டில் கீறப்பட்ட முகம்

1938ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, புளியந்தீவுப் பொலிஸ் ஸ்தானத்தில், வண்டித் திரைக்குள் இருந்தபடி சொல்லப்பட்டது. சொல்பவர் இன்னார் என்பதைக் காத்தான்குடி ஊர்த் தலைவரான விதானையார் குரலைக் கேட்டு உறுதிப்படுத்தினார்.

என் பெயர் மீராசாயிபு சித்தி நபீஸா. வயது நாற்பத்தொன்று. காத்தான்குடியில் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருக்கிறேன். வீட்டு வேலைதான் என் தொழில். பள்ளிக்கூடம் போகவில்லை, தமிழ் எழுத்தை நானாகப் பழகினேன். நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்று இன்ஸ்பெக்டர் ஐயா இரண்டு முறை சொன்னார். விளங்கிக்கொண்டேன்.

என் கணவர் அகமதுலெப்பை பதியுதீன், புடவை வியாபாரி. அவர் நாலு வருஷத்துக்கு முன் ஏறாவூரில் உம்மு குல்தூம் என்பவளையும் கலியாணம் முடித்தார். அவளுக்கு இப்போது இருபத்து நாலு வயது. மார்க்கப்படி இரண்டு வீட்டிலும் அவர் சமமாகத் தங்க வேண்டும். என் வீட்டில் தங்கிய நாள்களை நான் நெல்லுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வருகிறேன். சென்ற நோன்பு மாதத்தில் என் பக்கம் பதினொரு கோடு.

சென்ற வருஷம் ஒக்டோபரில் என்னை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போவதாக அவர் சொன்னார். அதன் பின் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் விசாரித்து வந்து, கணவன் மனைவிக்கு ஒரே பாஸ்போட்டு, அதில் இருவருடைய படமும் வேண்டும், அம்மைப்பால் குத்திய கடுதாசி வேண்டும், திரும்பி வரும் கப்பல் சீட்டும் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும் என்றார்.

"முகத்தத் தொறந்து இரிந்தாத்தான் படம் எடுப்பானாம், புள்ள. ஒரு கண் மூடித் தொறக்கிற நேரந்தான்" என்றார்.

"அந்நிய ஆம்பிளைக்கு முன்னால நான் இரிக்கமாட்டன்" என்றேன்.

"அப்ப ஹஜ்ஜு?"

"ஹஜ்ஜு வேணாம் எண்டு நான் செல்லல. படந்தான் வேணாம்."

என் உம்மாவின் தங்கை பத்து வருஷத்துக்கு முன் போனபோது அவரிடம் யாரும் படம் கேட்கவில்லை. ஆகையால் நான் உறுதியாக நின்றால் படமில்லாமலே தருவார்கள், தராவிட்டால் இவரும் போகமாட்டார் என்று நினைத்தேன். அவர் மேலும் மூன்று முறை கேட்டார். நான் மூன்று முறையும் மறுத்தேன். நாலாம் முறை கேட்கவில்லை.

அதன் பின் டிசம்பர் 16ஆம் திகதி பாஸ்போட்டு வந்தது. அவருடைய கடுதாசிகள் எல்லாம் என் பெட்டகத்தில் இருப்பதே வழக்கம், ஏறாவூர்க்காரிக்கு வாசிக்கத் தெரியாது. ஆகையால் அதையும் என்னிடமே தந்து, "பத்திரமா வைங்க" என்று மட்டும் சொல்லிப் போனார். திறந்து பார்த்தேன். அவர் படத்துக்கு ஒட்டினாற்போல் குல்தூமின் படம் இருந்தது. முக்காடு காது வரை ஒதுங்கியிருந்தது. அவள் போட்டிருந்தது பொட்டுக் கரைச் சீலை. பெருநாளுக்கு நான் அதைக் கேட்டபோது, கடையில் முடிந்துவிட்டது என்று அவர் சொன்ன சீலை. எழுத்து இங்கிலீசில் இருந்தபடியால் கணவரின் தம்பி மர்சூக்கைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்.

"மனைவி எண்டு போடுற இடத்தில உம்மு குல்தூம் எண்டு இரிக்கி, மதினி" என்றார்.

"மத்தப் பேர் எங்க?"

"ஒரு பேர் எழுதத்தான் இடம் விட்டிரிக்கான், மதினி. வெள்ளக்காரனுக்கு ஒண்டுக்கு மேல தெரியாது" என்று சிரித்தார்.

அதன் பின் எட்டு நாள் அந்தப் பாஸ்போட்டு என் பெட்டகத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளும் தொழுதுவிட்டு எடுத்துப் பார்த்தேன். 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை நண்பகல் லுஹர் தொழுத பின் தையல் ஊசியால் குல்தூமின் கண் இரண்டையும் கீறினேன், அதன் பின் வாயைக் கீறினேன், அதன் பின் மிச்ச முகத்தையும் காகிதம் வெள்ளையாகும் வரை கீறினேன். ஊசி வழுக்கிவிடாமல் இருக்க இடது கைப் பெருவிரலால் என் கணவரின் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் படத்தில் ஒரு கீறலும் இல்லை, பார்க்கலாம். அதன் பின் கடல் ஈரம் படக்கூடாது என்று சொல்லிப் பாஸ்போட்டை மெழுகுசீலைப் பையில் வைத்து நாலு பக்கமும் தைத்தேன். கொழும்பு போகும் வரை ஒருவரும் பிரிக்கக்கூடாது என்பதற்காகவே தைத்தேன்.

ஜனவரி 4ஆம் திகதி குல்தூம் என் வீட்டுக்கு வந்தாள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் பொறுத்தம் கேட்டுப் போவது எங்கள் வழக்கம்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதெல்லாம் பொறுத்துக்கங்க, ராத்தா" என்றாள்.

"என்னத்தச் செஞ்சாய் எண்டு ஒண்டொண்டாச் செல்லு. அப்பதானே பொறுக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று முதலில் சிரித்தாள். அதன் பின் தலையைக் குனிந்துகொண்டு, "உங்கட முறை நாளையில சில நேரம் நான் அழுது அவர நிப்பாட்டிப் போட்டன், ராத்தா" என்றாள்.

"எத்தின நாள்?"

"அஞ்சாறு இரிக்கும்."

"ஏழு" என்றேன், கொப்பியில் எண்ணியிருந்தபடியால். அதன் பின் பொறுத்தேன் என்று வாயால் சொல்லி, மெழுகுசீலைப் பையை அவள் மடியில் வைத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். வழியனுப்ப மர்சூக்கும் போனார். நேற்றுத் திரும்பி வந்து அவர் சொன்னதாவது: 7ஆம் திகதி துறைமுக அதிகாரிகள் தங்கள் கந்தோரில் பையைப் பிரித்தபோது முகம் இல்லை. ஆளை மாற்றிக் கூட்டி வந்ததாகச் சந்தேகப்பட்டுப் பாஸ்போட்டைப் பறித்துக்கொண்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார்கள். என் கணவர் பையின் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குல்தூம், "நான்தான் கீறினேன், அந்நியர் பார்க்கும் வெட்கத்தில் கீறினேன்" என்றாள். அரசாங்கப் பத்திரத்தைக் கெடுத்த குற்றத்துக்கு இப்போது வழக்கு அவள் பேரில். இருவரும் கப்பல் ஏற முடியாது.

"ஆனா மதினி, ஹாஜிமார் தங்கிற வீட்டில பாக்கணும் நீங்க. பொம்புளயெல்லாம் வந்து அவட கையப் புடிச்சு முத்துறாளுகள். மக்காவ விட மானந்தான் பெரிசு எண்டு முகத்தக் கீறினவளாம்" என்றார் மர்சூக். இதைச் சிரிக்காமல் சொன்னார்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. "உங்களக் காப்பாத்தத்தான்" என்கிறார் மர்சூக். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முகம் திறக்கமாட்டேன் என்று சொன்னவள் நான். திறந்து இருந்தவள் அவள். இன்று காலையில் மர்சூக்கிடம் வண்டி கட்டச் சொல்லி, ஒருவரும் வற்புறுத்தாமல் இங்கே வந்தேன்.

நான் சொன்னது எழுத்தில் வந்தால் இன்றைக்கே கொழும்புக்குத் தந்தி போகும், புதிதாகப் படம் எடுத்து அவர்கள் இருவரையும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏற்ற முடியும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். அதையும் தெரிந்துகொண்டே சொல்கிறேன்.

இவ்வளவும் எழுதிய பின் அவர், "அம்மா, சமயத்துக்காகத்தான் கீறினன் எண்டு போட்டா கோட்டில நீதவான் கொஞ்சம் இரக்கம் காட்டுவார். அப்பிடிப் போடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சமயத்துக்காக நான் செய்தது மறுத்தது மட்டுமே. அதற்கும் அப்பால் ஊசி எடுத்தது பொறாமையால், அவள் முகம் அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்ததற்காக. அவள் போகட்டும். நான் கீறியதை மட்டும் அவள் கீறியதாக விடமாட்டேன்.

எழுதியதை வண்டிக்குள் வாங்கி முதலிலிருந்து நானே வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் "கோபத்தால்" என்று இருந்ததை வெட்டி, "பொறாமையால்" என்று என் கையால் எழுதி, பக்கத்தில் ஒப்பம் வைத்தேன். மற்றதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை, எல்லாம் நடந்தபடி.

(ஒப்பம்) மீ. சித்தி நபீஸா