குளிர்ந்திருந்த டிரம்

“கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க மாமா. எது சூட்டை வெளிய விடுது, எது உள்ள இழுத்துக்குது?”

“ரெண்டும் டம்ளருதான். பரீட்சைல டம்ளரையா தடவச் சொல்லப் போறான்?”

“தொடுங்க.”

“இது சுடுது கலை. அது ஐஸ் மாதிரி இருக்கு. கீழ அடுப்பு கிடுப்பு வெச்சிருக்கியா?”

பூவரசன் என் அத்தை மகன். பத்தாம் வகுப்பு அறிவியலில் தவறிவிட்டு மறுபடியும் எழுதக் காத்திருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் சூடாக்கும் சுட்ட சுண்ணாம்பு, இன்னொன்றில் குளிரவைக்கும் யூரியா. அரியலூரில் இரண்டுக்கும் அலைய வேண்டியதில்லை. பாத்திரம் சுட்டால் வெப்பம் வெளியேறுகிறது, குளிர்ந்தால் வெப்பம் உள்ளே போகிறது. அன்றைக்குக் கற்றதை அவர் மறக்கவே இல்லை. நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன். பெரம்பலூரில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள்.

என் முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. பொன்னம்மாள் அத்தை எங்கள் கல்யாணப் பேச்சை எடுத்த நாள்வரை அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அன்று நான் சமையல்கட்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பூவரசன் குரல் கேட்டது.

“தெனம் காலைல அந்த மூஞ்சிலயா முழிக்கச் சொல்ற? நீ வேணா முழிச்சுக்க, போம்மா.”

எல்லாரும் சிரித்தார்கள். சர்க்கரை போதுமா என்று கேட்டபடி நானும் சிரித்துக்கொண்டே போனேன். சிலருடைய கோபம் கொதித்துத் தணிந்துவிடும். என்னுடையது அப்படியல்ல. வருவதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு சில்லென்று இருக்கும். பழகியவர்கள் என்னைச் சாந்தமானவள் என்பார்கள்.

பிறகு ஜெயங்கொண்டத்தில் வளர்மதி என்ற பெண்ணைப் பேசி முடித்தார்கள். நல்ல பெண், மாசு மருவற்ற முகம். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். சூளையிலிருந்து சுண்ணாம்புக் கல் வாங்கிவந்து, பாதியாக வெட்டிய டிரம்மில் போட்டிருந்தார் பூவரசன். நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். முறைப்பெண் போகாமல் வேறு யார் போவார்கள். தண்ணீர் எடுத்துவந்து ஊற்றியதும் நான்தான். அந்தத் தண்ணீரில் யூரியா கரைத்திருந்தேன்.

சுட்ட கல் ஊற்றியவுடன் கொதிப்பதில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதிக்கும். அவர் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்தபடியே.

“என்ன கலை, ஜில்லுனு இருக்கு. செத்துப்போன கல்லத் தலைல கட்டிட்டானா?”

“பழைய கல்லா இருக்கும் மாமா. குனிஞ்சு அடியில கிளறிப் பாருங்க.”

குனிந்தார். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கொதித்த சுண்ணாம்பு தெறித்த இரண்டு கண்ணுக்கும் இனிப் பார்வை வராது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விபத்து என்றார்கள் ஊரில். நான் மறுக்கவில்லை. வளர்மதி வீட்டார் நிச்சயப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அத்துடன் எனக்கு மனம் ஆறிவிட்டது. அவர் இனி யார் மூஞ்சியிலும் முழிக்க வேண்டியதில்லை. அவரிடம் எனக்கு வேண்டியதும் ஒன்றுமில்லை. பள்ளி விட்டதும் பஸ் ஏறி வந்து சோறு பிசைந்து கொடுப்பதும், கண்ணுக்கு மருந்து விடுவதும், யாரும் யாருக்கும் செய்யக்கூடியதுதான்.

இன்று அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியபின் பூவரசன் சொன்னார்:

“எல்லாரும் வுட்டுட்டுப் போயிட்டாங்க. நீ மட்டும் இல்லன்னா நான் என்னிக்கோ போய்ச் சேந்திருப்பேன் கலை.”

ஈரம் காயாத அந்தக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். விரல்கள் தழும்புகளில் தயங்கி நின்றன. டம்ளரைத் தொடச் சொன்ன நாளிலிருந்து தொண்டையிலேயே வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

“தொட்டுப் பாத்துச் சொல்லுங்க மாமா. இப்பவாவது என்னைக் கட்டிக்கிறீங்களா?”