நெருப்பு போட்ட சத்தம்

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மின்நிலையச் சீருடையோடு இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“நெருப்புதான் கத்துதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க அக்கா.”

“நெருப்பு கத்துமா?”

“டர்பைனுக்குள்ள கேஸ் எரியிற எடத்துல, தீ சீரா எரியலன்னா உறுமும்லா. அவங்க ஃபேன்தான் காரணம்னு ரெண்டு தடவ கழட்டி மாட்டுனாங்க. சத்தம் போகல.”

“அப்புறம்?”

“இன்னிக்குக் காலையில நான் சொன்ன மாதிரி, பர்னருக்குப் போற கேஸ் அளவ மாத்துனாங்க. உறுமல் சட்டுனு நின்னுபோச்சு! நாளைக்கு எல்லாருக்கும் நீயே வெளக்கிச் சொல்லுன்னுட்டாரு மேனேஜர்.”

“பயமா இல்லியா?”

“பயமா? எந்தச் சேலை கட்டலாம்னு யோசிக்கிறேன்.”